காந்தி பூங்காவுக்கு அப்பாவை அழைத்துச் செல்ல உங்கள் உதவி தேவை

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

களுவாஞ்சிகுடியில் வசிக்கும் நான், சக்கர நாற்காலியில் இருக்கும் அப்பாவை வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டக்களப்பு நகரிலுள்ள காந்தி பூங்காவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். 1814இல் இங்கு வந்த மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்டின் சிலையையும், வாவிக்கரையில் நிற்கும் பழைய நுழைவாயிலையும் மறுபடி ஒருமுறை காண வேண்டும் என்பது, அந்தப் போதகர் தொடங்கிய மத்திய கல்லூரியிலேயே படித்த அவருடைய நெடுநாள் ஆசை.

அவரை வாகனத்திலிருந்து இறக்குவதற்கு எந்தப் பக்கம் நெரிசல் குறைவு, நாற்காலியைப் படியின்றி உருட்டிச் செல்ல வழி உண்டா, அருகில் அவர் பயன்படுத்தக்கூடிய மலசலகூடம் உள்ளதா என்பவற்றை அண்மையில் சென்றுவந்தவர்கள் தயவுசெய்து அறியத் தாருங்கள். ஒல்லாந்தர் கோட்டையும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அப்பா விரைவில் களைத்துவிடுவார் என்பதால், வாவிக் காற்றில் அவரை ஆறுதலாக இருத்தி வைப்பதே போதும் என நினைக்கிறேன்.