சயாம் மரண ரயில்: நினைவு நாளுக்குப் போய் வந்தவர்கள் எழுதுங்கள்
(இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் போர்க்கைதிகளையும் மலாயாத் தோட்டத் தமிழர்கள் போன்ற ஆசியத் தொழிலாளர்களையும் வைத்து, சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை)

ஈப்போ மகள்:
ஏப்ரல் 25, ஹெல்ஃபயர் பாஸ் (அந்தப் பாதைக்காகப் பாறையை வெட்டிய இடம்), ஆன்சாக் நாள் (ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் போர் வீரர்களை நினைக்கும் நாள்) விடியற்காலை அஞ்சலி. அப்பா, நான், என் மகள் மூவரும் போனோம். தாத்தாவை 1943இல் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றியபோது அப்பா பாட்டியின் வயிற்றில். இந்த வயதில் கைத்தடியோடு அத்தனை படியும் இறங்கினார். பியூகிள் ஊதி ஓய்ந்தது, ஒரு நிமிட மௌனம், அப்புறம் பொழுது புலர்ந்தது. பாறை குடைந்தபோது உடைந்து சிக்கிய துளைக்கம்பி இன்னும் அப்படியே இருக்கிறது. மகள் அதன் பக்கத்தை விட்டு நகரவில்லை. அங்கே ஓர் ஆஸ்திரேலியப் பெரியவர், தன் அப்பாவின் பதக்கங்களை வலது மார்பில் குத்தியிருந்தார் (சொந்தப் பதக்கம் என்றால் இடது பக்கம்). "உங்கள் அப்பா எந்த முகாம்?" என்று அப்பாவிடம் கேட்டார். அவர் கையில் முகாம், இறந்த தேதி, கல்லறை எண் எல்லாம் எழுதிய தாள். அப்பாவிடம் ஒரு பெயர்தான் இருந்தது. அதைச் சொன்னார். பெரியவர் தன் தாளின் ஓரத்தில் அந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

கெடாக்காரன்:
நான் போனது நவம்பர் கடைசியில், குவாய் ஆற்றில் இருக்கும் அந்த ரயில் பாலத்தின் திருவிழாவுக்கு. போர்க்காலக் குண்டுவீச்சை ஒலி ஒளிக் காட்சியாகக் காட்டுகிறார்கள். பாலத்தின் மேல் வாணம் வெடித்ததும் கூட்டம் கைதட்டியது. உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டேன். நேச நாட்டுக் கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களுக்குக் கல்லறை, பெயர், பூச்செடி எல்லாம் இருக்கிறது. நம் ஆட்கள், பர்மாக்காரர்கள், ஜாவாக்காரர்கள் என்று சேர்த்தால் அதைப் போலப் பல மடங்கு. அவர்களுக்கு எங்கே கல்லறை? ஈப்போ மகள், எல்லாரும் கூடுவது நல்லதுதான். யாரை நினைத்துக் கூடுகிறோம் என்று கேட்க வேண்டாமா?

பத்து பகாட் வாசகர்:
கெடாக்காரரே, கூட்டத்தை அப்படி ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். அதே காட்சிக்கு 2004இல் அம்மாவோடு போனேன். வெடிச் சத்தத்தில் அம்மா காதைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் பலகாரம் விற்ற தாய்லாந்துப் பாட்டி பாயை இழுத்துப் போட்டு, அம்மாவைத் தன்னோடு உட்கார வைத்தார். பாஷை தெரியாது. தன் நெஞ்சைத் தொட்டார், தரையிலிருந்து இடுப்பளவு உயரம் காட்டினார், வானத்தைக் காட்டினார். அம்மாவும் கையைத் தாழ்த்தி அதே உயரத்தைக் காட்டினார்.

தண்டவாளம்:
நான் ஒரு தடவைதான் போனேன். மழையில் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. இனி போகிறவர்களுக்குச் சொல்கிறேன். தாய்லாந்தின் காஞ்சனபுரி நகரிலிருந்து ஹெல்ஃபயர் பாஸ் சுமார் 80 கிலோமீட்டர், வேன் முன்கூட்டியே பேசி வையுங்கள். கைவிளக்கும் வழுக்காத செருப்பும் வேண்டும். ஊருக்குள் வாட் தாவோர்ன் விகாரையில் நம் ஆட்களுக்காக 2023இல் நட்ட நடுகல் இருக்கிறது, கட்டாயம் போங்கள். அதைவிட முக்கியம், கிளம்புவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களைப் பேச வைத்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், கங்காணி யார், கூடப் போனவர்களில் திரும்பியது யார்? 'சயாமுக்குப் போனார், வரவில்லை' என்ற ஒரு வரியோடு விட்டுவிடாதீர்கள். தோட்டத்துக்கு நாம் ஒரு பெயர் வைத்திருப்போம், கம்பெனிக் கணக்கில் வேறு பெயர் இருக்கும். இரண்டையும் கேட்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் ஆவணத்தில் தேடவே முடியாது.

ஈப்போ மகள்:
தோட்டத்துக்கு நம் ஆட்கள் சொல்லும் பெயர்தான் அப்பாவுக்குத் தெரியும். பெரிய அத்தைக்குத் தெரிந்திருக்கலாம். தாத்தா லாரி ஏறியதைப் பார்த்தவர்களில் அவர் ஒருவர்தான் இப்போது இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.