பிளைட் ஓட்டுறப்பவே பைலட்டுக்கு உடம்பு முடியாம போனா என்ன ஆகும்?

திருச்சி_பாபு:
அத்தை பையன் சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) படிக்கப் போறான், அதுக்கு வேணுங்கிற கிளாஸ் ஒன் மெடிக்கல் டெஸ்ட்டுக்காக ஈசிஜி, ரத்தம், கண்ணு, காதுன்னு அலைஞ்சிட்டு இருக்கான். இவ்ளோ டெஸ்ட் எடுத்தும் 2024 அக்டோபர்ல சியாட்டில்ல இருந்து இஸ்தான்புல் கிளம்பின டர்கிஷ் ஏர்லைன்ஸ் கேப்டன் பாதி வழியிலயே இறந்துட்டார், நியூயார்க்ல கொண்டு போய் இறக்கினாங்க. அவர் அதே வருஷம் மார்ச்ல மெடிக்கல் பாஸ் பண்ணவராம். அப்ப இந்த டெஸ்ட்டால என்னதான் பிரயோஜனம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்டெத்_சித்தப்பா:
தம்பி, பாஸ் ஆயிட்டா ஒண்ணுமே வராதுன்னு எந்த டாக்டரும் எழுதிக் குடுக்க மாட்டான். 1972 ஜூன் 18, ஹீத்ரோல இருந்து பிரஸ்ஸல்ஸ் கிளம்பின டிரைடெண்ட் விமானம் மூணு நிமிஷத்துக்குள்ள லண்டனை ஒட்டி இருக்குற ஸ்டெயின்ஸ் ஊர் பக்கத்துல விழுந்துச்சு, 118 பேர்ல ஒருத்தரும் தப்பிக்கல. குறைஞ்ச ஸ்பீடுலயும் விமானம் மேல நிக்க உதவுற, இறக்கை முன்னாடி இருக்குற ட்ரூப்-ங்கிற மடக்குப் பகுதியை ஸ்பீடு ஏறுறதுக்கு முன்னாடியே யாரோ உள்ள இழுத்துட்டாங்க, யார்னு இன்னைக்கும் தெரியாது. கேப்டனுக்கு 51 வயசு, கிளம்புறதுக்கு முன்னாடிதான் க்ரூ ரூம்ல ஸ்ட்ரைக் விஷயமா பெரிய சத்தம் போட்டிருக்கார். போஸ்ட்மார்ட்டத்துல பாத்தா இதய ரத்தக்குழாய் நல்லா அடைச்சுக் கிடக்கு, உள்சுவர் கிழிஞ்சும் இருக்கு. ரெகுலர் ஈசிஜில இது எதுவும் மாட்டவே இல்ல.

இதுக்கப்புறம்தான் பிரிட்டிஷ் கார்டியாலஜிஸ்டுங்க உக்காந்து யோசிச்சு ஒரு சதவீத ரூல்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. ஒரு பைலட் ஒரு வருஷத்துல திடீர்னு செயலிழக்க 1%க்கு மேல சான்ஸ் இருக்கக் கூடாது. வருஷத்துக்கு ஏறக்குறைய 10,000 மணி நேரம்னு வச்சா மணிக்கு 10 லட்சத்துல ஒண்ணு. டேக் ஆஃப், லேண்டிங் மாதிரி ஆபத்தான கட்டம் பயணத்துல பத்துல ஒரு பங்குதான், அப்பவும் பக்கத்துல இருக்கவர் சமாளிக்க முடியாம போறது 100ல ஒரு தடவைன்னு எடுத்துக்கிட்டாங்க. பெருக்கிப் பாரு, 100 கோடி மணி நேரத்துக்கு ஒண்ணு. அதாவது இந்தக் கணக்கே ரெண்டாவது பைலட்டை நம்பித்தான் நிக்குது, டர்கிஷ் கேஸ்ல வேலை செஞ்சதும் அதுதான்.

ரன்வே_ராஜா:
சித்தப்பா கணக்கு சரி, ஆனா அந்த 100ல ஒண்ணுதான் எனக்கு இடிக்குது. டிரைடெண்ட்ல கூட இருந்த கோ பைலட்டுக்கு 22 வயசு, இந்த வேலைக்கே புதுசு. 2010 மே 22 மங்களூர் எடுத்துக்கங்க, துபாய்ல இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், 158 பேர் செத்தாங்க. காக்பிட் ரெக்கார்டர்ல கேப்டனோட குறட்டை சத்தமே பதிவாயிருக்கு, ரொம்ப நேரம் தூங்கிட்டு இறங்குற நேரத்துக்குத்தான் எழுந்திருக்கார், அந்த மந்தம் தெளியாம போயிருக்கலாம்னு விசாரணையில சொன்னாங்க. ஃபர்ஸ்ட் ஆபீசர் (கோ பைலட்) மூணு தடவை கோ அரவுண்ட்னு, அதாவது இறங்காம திரும்ப மேல ஏறுங்கன்னு சொல்லியிருக்கார், ஆனா கன்ட்ரோலை தான் வாங்கிக்கல. மாரடைப்பாவது பட்டுன்னு தெரிஞ்சிடும், இந்த மாதிரி அரை மயக்கம், ஆளு முழிச்சுட்டு இருக்கார் ஆனா மூளை வேலை செய்யலங்கிறதுதான் டேஞ்சர். ரெண்டு தடவை கூப்பிட்டும் சரியா பதில் வரலன்னா நீ எடுத்துக்கோன்னு டிரெய்னிங்ல சொல்லித் தராங்க, ஆனா சீனியர் கிட்ட இருந்து பிடுங்க நம்மாளுங்களுக்கு கை வருமா?

திருச்சி_பாபு:
அப்ப மாரடைப்புதான் அதிகமா வருதா?

ஸ்டெத்_சித்தப்பா:
இல்லப்பா, அதிகமா வர்றது வயித்துக் கோளாறுதான் 😄 அதனாலதான் நிறைய கம்பெனில ரெண்டு பைலட்டுக்கும் வேற வேற சாப்பாடு.

மேகம்_கலா:
மனசு பத்தி யாருமே பேசலயே. 2015ல ஜெர்மன்விங்ஸ் விமானம், கேப்டன் காக்பிட்டை விட்டு வெளிய போனதும் கோ பைலட் கதவைப் பூட்டிட்டு 150 பேரோட மலையில மோதிட்டார், டாக்டருங்க குடுத்த லீவ் சர்ட்டிஃபிகேட்டை கம்பெனிக்கே காட்டல. அந்த ரெண்டாவது பைலட் கணக்கு அங்க தலைகீழா போச்சு. அதே வருஷம் ஹார்வர்ட்காரங்க பேர் கேக்காம ஆன்லைன்ல சர்வே எடுத்து அடுத்த வருஷம் வெளியிட்டாங்க, மனச்சோர்வு கேள்விகளுக்கு பதில் சொன்ன 1,848 பைலட்ல 12.6% பேர் டிப்ரஷன் அளவைத் தாண்டியிருந்தாங்க. சொன்னா லைசென்ஸ் போயிடும்னு பயந்து யாரும் வாயே திறக்கறதில்ல. அமெரிக்காவுல 2010ல இருந்தே சில டிப்ரஷன் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே கண்காணிப்புல பறக்க விடுறாங்க.

ஸ்டெத்_சித்தப்பா:
கலா, அந்த 12.6%ஐ அப்படியே எல்லா பைலட்டுக்கும் போடாதம்மா. விருப்பப்பட்டவங்க தானா வந்து பதில் சொன்ன சர்வே, டாக்டர் பாத்து சொன்னது இல்ல. ஆனா பயந்து மறைக்கிறாங்கன்னு நீ சொல்றது நூத்துக்கு நூறு உண்மை.

திருச்சி_பாபு:
எல்லாருக்கும் நன்றி. ஒண்ணு கேக்கணும், அத்தை பையனுக்கு சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு, ஃபார்ம்ல எழுதாம விட்டா பரவால்லன்னு ஃப்ரெண்டு சொல்றானாம்.

ரன்வே_ராஜா:
எழுதச் சொல்லுங்க. பழைய ரிப்போர்ட் எதாவது இருந்தா அதையும் கையோட எடுத்துட்டுப் போகட்டும், இப்ப எப்படி இருக்குன்னு அவங்க பாத்து முடிவு பண்ணட்டும். மறைச்சு பின்னாடி மாட்டினா வீசிங்கை விட பெரிய பிரச்சனை ஆயிடும்.