தீவு நாடுகளில் சர்க்கரை நோய்: எடுத்துச் சொன்னால் போதாதா?

கடற்காகம்:
பசிபிக் தீவு நாடுகளைப் பற்றிப் படித்தபோது வந்த சந்தேகம். சுற்றிலும் மீன், கரையில் தேங்காய், சேப்பங்கிழங்கு, சீமைப்பலா என்று இருக்கிற இடத்தில் டின் இறைச்சியும் நூடுல்ஸும் குளிர்பானமுமாகச் சாப்பிட்டு இத்தனை பேருக்கு எப்படிச் சர்க்கரை நோய் வருகிறது? பழைய சாப்பாட்டுக்குத் திரும்பச் சொல்லி நன்றாகப் பிரசாரம் செய்தால் மாறாதா?

உப்புக்காற்று:
எல்லாத் தீவிலும் கிழங்கு விளையும் என்று யார் சொன்னது? நவுருவின் மொத்தப் பரப்பே 21 சதுர கிலோமீட்டர்தான், அதிலும் நடுப்பகுதி முழுக்கப் பாஸ்பேட்டுக்காகத் தோண்டிச் சுண்ணாம்புப் பாறையாக நிற்கிறது, பயிர் வைக்க இடமில்லாததால் கப்பலில் வருவதுதான் சாப்பாடு. அங்கே போய்க் காய்கறி சாப்பிடுங்கள் என்று போஸ்டர் ஒட்டி என்ன ஆகப்போகிறது? 2007இல் அவர்கள் சர்க்கரைக்கும் இனிப்புப் பானங்களுக்கும் 30% இறக்குமதி வரி போட்டு, பாட்டில் தண்ணீருக்கு இருந்த வரியை எடுத்தார்கள். அது உருப்படியான வேலை.

பழைய துடுப்பு:
வரியோ தடையோ, சின்ன நாடு நினைத்தால் மட்டும் முடியாது. சமோவாவில் வான்கோழி வால் என்று ஒன்று விற்கும். பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வரும், கொழுப்பு நிறைந்தது, அமெரிக்காவில் அதைச் சீந்துவார் குறைவு. 2007இல் தடை செய்தார்கள். அப்புறம் 2012இல் உலக வர்த்தக அமைப்பில் சேர வேண்டியிருந்ததால் அந்தத் தடையையே விலக்க வேண்டியதாயிற்று! சாப்பிடுகிறவர்களைக் குறை சொல்வதற்கு முன்னால் விற்கிறவர்களையும் கொஞ்சம் பாருங்கள்.

கடற்காகம்:
சரி, அப்படியானால் பிரசாரமே வீணா?

நெய்தல்:
வீண் இல்லை, பொருள் கைக்கு எட்டுகிற இடத்தில் எடுபடும். மைக்ரோனீசியாவின் போன்பேயில் கராட் என்று ஒரு வாழைப்பழம், உள்ளே ஆரஞ்சு நிறம், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டீன் ஏராளம். மக்கள் அதைக் கிட்டத்தட்ட மறந்துவிட்ட நேரத்தில் உள்ளூர் உணவு இயக்கம் ஒன்று அதைத் தூக்கிப் பிடித்ததால் மறுபடி சந்தைக்கு வந்தது.

ஆனால் எனக்குப் பிடித்த உதாரணம் மொரீஷியஸ். 1987இல் ரேஷன் எண்ணெயில் பெரும்பங்காக இருந்த பாமாயிலை மாற்றிச் சோயா எண்ணெய் கொடுத்தார்கள், யாரும் சமையலை மாற்றவில்லை, ஐந்தே வருடத்தில் மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் நன்றாகக் குறைந்தது. அதே காலத்தில் உடல் பருமன் கூடியது என்பதையும் சொல்ல வேண்டும், எண்ணெயை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடாது.

உப்புக்காற்று:
அதனால்தான் சொல்கிறேன், வரி வாங்குகிற பணத்தில் மீனையும் கிழங்கையும் மலிவாக்க வேண்டும். வரியை மட்டும் போட்டால் ஏழை வீட்டில் அதே சோடாவை அதிக விலைக்கு வாங்கிக் குடிப்பார்கள்.