நாற்பது குதிரைக்கால்கள், பாதிக்கு மேல் விரிசல்

கேள்வி:
சிற்பத்துறை இறுதியாண்டு மாணவி. பட்டக் காட்சிக்கு 5 வாரம் இருக்கிறது. அய்யனார் கோயில் மண்குதிரைகளின் கால்களை மட்டும், உடலே இல்லாமல், கூடம் முழுக்க நிறுத்துவது திட்டம். பார்ப்பவர்கள் அவற்றுக்கு நடுவே நடக்க வேண்டும். 40 கால்களில் 23 முழங்காலுக்குக் கீழே வெடித்துவிட்டன. குளத்து மண்ணை அப்படியே பிசைந்தேன், மின்விசிறியில் உலர்த்தினேன். திட்டாதீர்கள்.

பதில்:
திட்டத்தான் வேண்டும். காற்றுப் படும் பக்கம் முதலில் சுருங்கும், மறுபக்கம் ஈரமாகவே நிற்கும். வெடிக்காமல் என்ன செய்யும்? ஈரச் சாக்கைப் போர்த்தி நிழலில் வையுங்கள். மணலும் உமியும் கலந்தீர்களா?

மாணவி:
இல்லை. உள்ளேயும் கெட்டியாக அடைத்துவிட்டேன்.

மற்றொருவர்:
அடடா! மண்குதிரை செய்யும் குயவர்களான வேளார்கள் குதிரைக்காலைக் குழாயாகத்தான் எழுப்புவார்கள். கெட்டியான காலைச் சூளையில் வைத்தால் உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகிச் சிதறடித்துவிடும். வெடித்தவற்றை நன்றாகக் காயவிட்டு, உடைத்து ஊறப்போடுங்கள். சுடாத மண்தானே, முழுதும் திரும்பக் கிடைக்கும்.

மாணவி:
22 கால்களை ஊறப்போட்டுவிட்டேன். ஒன்றை உடைக்க மனம் வரவில்லை. அதன் விரிசல் குளம்புவரை நரம்புபோல இறங்கியிருக்கிறது.