டி.எம்.டி. மருந்து டிரையல்: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை, வீட்டில் கவனிக்க வேண்டியவை

கரூர் அம்மா கேட்கிறார்:
பையனுக்கு ஆறே முக்கால் வயது, 20 கிலோ. டுஷேன் தசைச்சிதைவு (டி.எம்.டி.), மரபணுவில் எக்சான் என்னும் துண்டுகளில் 45 முதல் 50 வரை இல்லை. டெஃப்ளசகோர்ட் என்ற ஸ்டீராய்டு 6 மி.கி. மாத்திரை தினமும் மூன்று போகிறது. வாய்வழியாகக் கொடுக்கும் திரவ மருந்து டிரையலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். காலை, இரவு இரண்டு வேளை, 18 மாதம். டிரையலில் சேரும் மூன்று பிள்ளைகளில் இருவருக்கு மருந்து, ஒருவருக்கு பிளசிபோ (மருந்தில்லாத போலித் திரவம்). யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாதாம். கையெழுத்துப் போடும் முன் என்னென்ன கேட்க வேண்டும்? மருந்தைக் கக்கிவிட்டால் என்ன செய்வது? நடை டெஸ்ட் அன்று அடம்பிடித்தால்?

கணேசன் (ஒப்புதல் படிவம் பற்றி):
சகோதரி, படிவத்தை அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுத் தர வேண்டாம். தமிழ்ப் படிவத்தை வாங்கி வீட்டில் இரண்டு மூன்று நாள் வைத்துப் படியுங்கள். அதில் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருந்துப் பரிசோதனைப் பதிவேடு) பதிவு எண்ணும், டிரையலை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்தான பிரதி ஒன்று உங்கள் கைக்கு வந்தே தீர வேண்டும்.

முதல் கேள்வி: 18 மாதம் முடிந்தபின் என்ன? பிளசிபோ வாங்கிய பிள்ளைக்கும் அசல் மருந்து தரும் தொடர் கட்டம் உண்டா, எத்தனை மாதம் என்று எழுத்தில் கேளுங்கள். நம் நாட்டின் 2019 மருந்துப் பரிசோதனை விதிகளில் டிரையலுக்குப் பிறகும் மருந்தை இலவசமாகத் தர வழி இருக்கிறது. ஆனால் அது தானாக வராது. அந்த நோய்க்கு மாற்று மருந்து இருக்கக் கூடாது, பிள்ளைக்குப் பலன் தெரிந்திருக்க வேண்டும், டிரையல் டாக்டர் பரிந்துரைக்க வேண்டும், நெறிமுறைக் குழு ஒப்ப வேண்டும், நீங்களும் எழுதித் தர வேண்டும்.

இரண்டாவது: இதில் சேர்ந்தால் வேறு எந்த டிரையலின் கதவு மூடும்? வைரஸ் வழியாகக் கொடுக்கும் மரபணு சிகிச்சையை ஒருமுறை வாங்கிவிட்டால் உடலில் எதிர்ப்பொருள் உருவாகிவிடும், மறுபடி அதைத் தர முடியாது. உங்களுடையது திரவ மருந்து என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. இருந்தாலும் இதை விட்டு இன்னொன்றில் சேர எத்தனை மாதம் இடைவெளி வேண்டும் என்று கேட்டு வையுங்கள். இந்த எக்சான் விடுபாட்டுக்கு எக்சான் 51-ஐ உடல் தாண்டிப் படிக்க வைக்கும் மருந்து பொருந்தும் என்பதால் இந்தக் கேள்வி உங்களுக்கு முக்கியம்.

பயணச் செலவு, தங்கும் செலவு, உங்கள் ஒரு நாள் கூலி, இவற்றில் எது கிடைக்கும் என்றும் கேளுங்கள், தயங்க வேண்டாம். பையனுக்கு ஏழு வயது ஆனதும் அவனிடமும் வாய்மொழிச் சம்மதம் கேட்பார்கள். "ஊசி குத்துவாங்க, நடக்கச் சொல்வாங்க" என்று உண்மையை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மருந்தாளுநர் ரேவதி:
வாந்தி எடுத்தால் நீங்களாகவே இன்னொரு வேளை கொடுக்காதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று கணக்குத் தெரியாது. மணி, எத்தனை நிமிடத்தில் வாந்தி, இரண்டையும் டைரியில் எழுதி டிரையல் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிடுங்கள். விட்டுப்போன வேளைக்காக அடுத்த வேளையில் இரட்டிப்பாகவும் கொடுக்கக் கூடாது.

சமையல் கரண்டி வேண்டவே வேண்டாம், அவர்கள் தரும் சிரிஞ்ச்தான். பாட்டிலை அரை நிமிடம் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்குங்கள். அடியில் மண்டி நின்றால் முதல் வாரம் குறைவாகவும் கடைசி வாரம் அதிகமாகவும் போய்விடும். நாக்கின் மேல் பீய்ச்சினால் துப்புவான். கன்னத்தின் உட்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். காலி பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். மீதியை அளந்துதான் எத்தனை வேளை கொடுத்தீர்கள் என்று பார்ப்பார்கள்.

இதே போன்ற வாய்வழித் திரவ மருந்தான, 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ஆறு வயது முதல் டி.எம்.டி.க்கு அனுமதி பெற்ற கிவினோஸ்டாட்டைச் சாப்பாட்டோடுதான் தர வேண்டும். வயிற்றுப்போக்கு வரும், பிளேட்லெட் குறையும், டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) கூடும். உங்கள் மருந்துக்கு இப்படி எந்த எண் பார்க்கப்படுகிறது என்று கேளுங்கள். மூக்கில் ரத்தம், காரணமில்லாமல் தோல் கன்றி நீலத் திட்டு தெரிந்தால் அடுத்த விசிட் வரை காத்திருக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் விட இது முக்கியம்: வாந்தி பேதியில் டெஃப்ளசகோர்ட் வயிற்றில் தங்கவில்லை என்றால் ஆபத்து. ஸ்டீராய்டு திடீரென்று நின்றால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். உடனே மருத்துவமனைக்குப் போய் ஊசியாகப் போட வேண்டும். "டி.எம்.டி., தினசரி ஸ்டீராய்டு, டிரையல் மருந்து, மயக்க மருந்தில் சக்சினைல்கோலின் கூடாது" என்று ஒரு அட்டையில் எழுதிப் பள்ளிப் பையிலும் ஒன்று வையுங்கள்.

பிசியோ செல்வம்:
நடை டெஸ்டில் வரும் நார்த் ஸ்டார் என்ற மதிப்பெண் முறை 17 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2, மொத்தம் 34. தவிர, மல்லாந்த நிலையிலிருந்து எழுந்திருக்கும் நேரம், 10 மீட்டர் ஓட்டம், நாலு படி ஏறும் நேரம். எல்லாமே பிள்ளை மனசு வைத்துச் செய்வது. அதனால் ஒவ்வொரு விசிட்டிலும் அதே நேரம், வயிறு நிறைந்து, தூக்கம் முடிந்து போங்கள். ரத்தம் எடுப்பதை நடை டெஸ்டுக்குப் பிறகு வைக்க முடியுமா என்று கேளுங்கள். அழுத பிள்ளை ஓடாது. மரத்துப்போகும் கிரீமை ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பே தடவி மூடி வைக்க வேண்டும், வாசலில் நின்று தடவினால் பலன் இல்லை.

வீட்டில் படி ஏற்றி இறக்கிப் பழக்காதீர்கள். இறங்கும்போதும் குதிக்கும்போதும்தான் இந்தத் தசை நார் அதிகம் கிழியும். மறுநாள் சி.கே. (தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் என்சைம்) ஏறும், டெஸ்டில் சோர்வான். முட்டியில் கை ஊன்றி எழுந்தால் திருத்தவும் வேண்டாம். அவன் எப்படி எழுகிறான் என்பதைத்தான் அங்கே பார்க்கிறார்கள்.

கரூர் அம்மா:
நன்றி. ஒன்று மட்டும். கல்லீரலுக்கு ரத்தத்தில் பார்க்கும் எஸ்.ஜி.பி.டி. என்சைம் 280 என்று வந்திருக்கிறது. மாமியார் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துத் தரச் சொல்கிறார்.

ரேவதி:
கொடுக்க வேண்டாம் அம்மா. அந்த என்சைம் தசையிலும் இருக்கிறது. தசை சிதையும் பிள்ளைகளுக்கு அது எப்போதும் ஏறியேதான் இருக்கும். கல்லீரலைப் பார்க்க ஜி.ஜி.டி., பிலிருபின் இரண்டையும் கேளுங்கள். கீழாநெல்லி, லேகியம், சத்து டானிக், பூச்சி மாத்திரை, சளி சிரப், எதுவானாலும் கொடுக்கும் முன் டிரையல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் தேதியோடு எழுதிக் கொடுங்கள்.