தவசிக்கீரையை எப்படிச் சமைப்பது?

அரைக்கீரை, சிறுகீரை, முருங்கைக்கீரை தாண்டி நான் போனதே இல்லை. இன்று உழவர் சந்தையில் கீரைக்கார அம்மா ஒரு கட்டு தவசிக்கீரையைக் கொடுத்து "சாப்பிட்டுப் பாரு கண்ணு" என்றார், ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டால் அப்படியே பச்சைப் பட்டாணி ருசி! என்ன செய்யலாம்?

பதில் 1: இலையை உருவி நறுக்கி, கடுகு, வரமிளகாய், பூண்டு தாளித்து வதக்கி, கடைசியில் தேங்காய்ப்பூ போடுங்கள். பாசிப்பருப்புக் கூட்டும் அருமை. தண்டை மண்ணில் ஊன்றிவிடுங்கள், துளிர்க்கும்.

பதில் 2: மலேசியாவில் இதற்குச் செக்கூர் மானிஸ் என்று பெயர். இங்கே இலையைக் கையால் நன்றாகக் கசக்கிவிட்டு முட்டை ஊற்றிக் கிளறுவோம், கசக்கினால்தான் இலையின் கரகரப்பு போய் மிருதுவாகும், வெள்ளைச் சோற்றுக்கு வேறெதுவும் வேண்டாம்.

பதில் 3: தங்கச்சி, பச்சையாக அரைத்துச் சாறு மட்டும் குடிக்காதீர்கள். 1990களில் தைவானில் எடை குறைக்க அப்படித் தினமும் குடித்த பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. அளவாக, வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

கேட்டவர்: நன்றி அண்ணா, அது தெரியாது. இன்று கூட்டு, தண்டு தொட்டிக்குப் போயாச்சு.