புதுப்பிப்பு: ஆரையம்பதி வீட்டுத் தண்ணீர்த் தாங்கி வெடிப்பு, கசிவு நின்றுவிட்டது

சீமெந்துத் தாங்கியின் சுவரில் மயிரிழை வெடிப்புகளால் தண்ணீர் கசிகிறது, உடைக்காமல் சரிசெய்ய வழி உண்டா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, படிகம் வளர்க்கும் கனிமக் கலவையை உட்புறம் பூசச் சொன்ன யோசனைதான். தாங்கியை வடித்து, பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, சுவர் ஈரமாக இருக்கும்போதே மேசன் இரண்டு பூச்சுப் பூசினார். அப்புறம் நனைந்த சாக்கு போட்டு வைத்தோம். "காயவிடாதீர்கள்" என்று ஒருவர் அழுத்திச் சொன்னது மிகச் சரி. கலவையின் உப்புகள் ஈரத்தோடு நுண்துளைகளுக்குள் போய், சீமெந்திலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்துதான் கரையாத படிகமாகின்றன.

எதிர்பாராத ஒன்று: தண்ணீர் நிரப்பியதும் கசிவு உடனே நிற்கவில்லை. மெல்லக் குறைந்து, வெளிப்பக்கம் வெள்ளைக் கோடாகப் படிந்த பிறகே நின்றது. அந்த வெள்ளை கல்சியம் காபனேற்று. கழுவித் துடைக்கத் தேவையில்லை.

நீர்மட்டத்துக்கு மேலே காய்ந்திருந்த வெடிப்பு அப்படியே இருக்கிறது. மூலையிலிருந்த அகன்ற வெடிப்பும் மூடவில்லை. சுமார் 0.3 மில்லிமீற்றருக்கு மேல் அகலமென்றால் இந்த முறையை நம்ப வேண்டாம். நாங்கள் அதை வெட்டிச் சாந்து நிரப்பினோம். குடிநீர்த் தாங்கியென்றால், முதலில் நிரப்பும் தண்ணீரை வடித்துவிடுங்கள்.